அக்சாவுக்கு நட்ட வாழை

முதல் கரண்டிக் கூழை அக்சா துப்பவில்லை. நாக்கில் வைத்து முன்னும் பின்னும் உருட்டினாள், முகத்தைச் சுளித்தாள், பிறகு பெரிய முடிவெடுத்தவள் போல விழுங்கிவிட்டாள். வீடே சிரித்தது.

"எனக்க பிள்ளைக்கு ருசி தெரியுது கேட்டியா" என்றாள் மாமியார் சத்தியபாய்.

ஜிஷாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த ஒரு வாய்க்காகத்தான் அவள் ஐந்தாம் மாத வயிற்றோடு கால்வாய்க்கு அப்பால் இருந்த தோட்டத்துக்குப் போய், கணவன் ஜெரிஷ் குழி வெட்ட, ஏத்தன் என்னும் நேந்திரம் வாழைக் கன்று ஒன்றைத் தன் கையால் நட்டாள். பிள்ளைக்குப் பால் போதாமல் ஆகும் காலத்தில் குலை முற்றியிருக்கும் என்பது அவள் கணக்கு. "மாமா, இந்த ஒரு வாழை மூட்டுக்கு மட்டும் சாணியும் சாம்பலும் போதும், மருந்து வேண்டாம்" என்று மாமனார் ஜெபதாஸிடம் சொல்லியும் வைத்திருந்தாள். பேறுகாலத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் போக முடியவில்லை. போன வாரம் ஜெரிஷ் குலையைச் சுமந்து வந்து இறக்கியபோது, அதைக் கட்டிப்பிடிக்காத குறைதான். தோலைச் சீவி, வட்டமாக அரிந்து, மாடியில் துணி மூடிக் காயவைத்து, ஒடித்தால் சடக்கென்று ஒடியும் பதத்தில் பொடித்து, மெல்லிய துணியில் இரண்டு முறை சலித்தாள். இன்று காலை அதைக் கருப்பட்டிப் பாகில் கரைத்து, கட்டி தட்டாமல் கிண்டியிருந்தாள்.

"சரி, எல்லாரும் கண்ணை மூடுங்க. நன்றி சொல்லி முடிப்போம்" என்றார் ஜெபதாஸ். கண்ணில் ஆபரேஷன் ஆகி ஒரு மாதமாகக் கறுப்புக் கண்ணாடியோடு வீட்டில் அடைந்து கிடந்தவர், ஜெபிக்க ஒரு வாய்ப்புக் கிடைத்தால் விடமாட்டார்.

"கர்த்தாவே, இந்தப் பிள்ளையின் நாவுக்கு நல்ல ஆகாரம் தந்தீரே, ஸ்தோத்திரம். காற்றிலும் மழையிலும் அந்த வாழையைக் காத்தீரே, ஸ்தோத்திரம். வண்டு விழுந்து தோட்டமெல்லாம் நாசமாகப் பார்த்தபோது, அடியேன் ஒரு மூடு விடாமல் வைத்த குருணைப் பூச்சிமருந்தை ஆசீர்வதித்தீரே..."

ஜிஷா கண்ணைத் திறந்தாள்.

கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே அவர் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அவள் காதில் எதுவும் விழவில்லை. மடியில் அக்சா. வாயோரத்தில் எச்சில் கோடு போல இறங்கியது.

அவள் வீடு அதிரக் கத்தினாள். "மாமா! எந்த மூட்டுக்கு வச்சீங்க?"

அந்த வீட்டில் ஜெபத்தை யாரும் நடுவில் நிறுத்தியதில்லை. ஜெபதாஸ் வாயைத் திறந்தபடி நின்றார். "எல்லாத்துக்கும்தான் மக்களே. குலை தள்ளுன சமயம். வண்டு இதுல ஏறுனா அதுலயும் ஏறும்லா... கொஞ்சம்போலதான் வச்சேன்."

"ஏ மனுசா, பச்சப் பிள்ளைக்கு நட்ட வாழையில போயி வெசத்தை வச்சிருக்கேரே!" சத்தியபாய் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

ஜிஷா அதற்குள் வாசலில் இருந்தாள். தக்கலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுவதும் பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்கத் துடைக்க எச்சில் ஊறியது. விஷம் ஏறினால் வாயில் எச்சில் வழியும் என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. பின்சீட்டில் மாமனார் இருந்தார். ஜெரிஷ் வண்டி ஓட்டினான். அவன் முகம் வெளுத்திருந்தது. இரண்டு முறை எதையோ சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டான்.

டாக்டர் பிரீனா குழந்தையின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "என்ன மருந்து? எப்போ வச்சீங்க? எந்த வாழைக்கு?"

ஜெபதாஸ் சொல்லத் தொடங்கும்முன் ஜெரிஷ் முந்திக்கொண்டான்.

"டாக்டர், அந்தக் குலை எங்க தோட்டத்துல உள்ளதே இல்ல."

ஜிஷா திரும்பிப் பார்த்தாள். ஜெபதாஸ் கண்ணாடியையே கழற்றிவிட்டார். "ஏலே, என்னத்தைலே சொல்லுக?"

"அந்த வாழை போன மாசக் காத்துல முறிஞ்சு விழுந்துட்டுப்பா. காயி முத்தவே இல்ல. மார்த்தாண்டம் சந்தையில ஒரு குலை வாங்கிட்டு வந்தேன்."

ஒரு நொடி ஜிஷாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநொடி மறுபடியும் போனது.

"அப்போ அது யாருக்க தோட்டத்துக் குலை?"

"தெரியாது."

"அதுல என்ன மருந்து வச்சிருந்தாவ?"

"அதும் தெரியாது ஜிஷா."

டாக்டர் குழந்தையின் ஈறைத் தடவிப் பார்த்தார். "பல்லு வருது, அதான் இந்த எச்சில். முந்தியே வடியுமே?" ஜிஷா திகைத்தாள். வடியும்தான். தினமும் சட்டை மாற்றுகிறாளே! "கண்ணு, மூச்சு எல்லாம் நல்லா இருக்கு. இங்க பாதிப் பிள்ளைகளுக்குச் சந்தைக் குலையில செஞ்ச கூழ்தான். இருந்தாலும் சாயங்காலம் வரை பிள்ளை இங்கேயே இருக்கட்டும். பார்த்துட்டு அனுப்புறேன்."

ஜெபதாஸ் வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டார். வார்டு கட்டிலில் அக்சா தன் கால் விரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோக முயன்றுகொண்டிருந்தாள்.

"அத்தான், எதுக்கு சொல்லல?"

ஜெரிஷ் தரையைப் பார்த்தான். "வயித்துப் பிள்ளையோட அதுக்குத் தண்ணி கோரி விட்டியே. ராத்திரி போன்ல அதுக்க போட்டோவப் பார்த்துட்டு இருப்பே. விழுந்துட்டுன்னு எந்த வாயால சொல்ல?"

"விழுந்துட்டுன்னு சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதிருப்பேன். அவ்வளவுதானே? பிள்ளை வாயில என்ன போகுதுன்னு எனக்குத் தெரியாண்டாமா?" அவள் குழந்தையின் வாயைத் துடைத்தாள். "அவரு எனக்குத் தெரியாம மருந்து வைக்காரு, நீங்க எனக்குத் தெரியாம குலையை மாத்துகீங்க. ரெண்டு பேரும் பாசத்துல செஞ்சதுதான். கிண்டி ஊட்டுனது நான்லா!"

அவன் அவள் கையை எடுத்துத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டான். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

சாயங்காலம் டாக்டர் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சிரித்தபடி அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வந்ததும் ஜெபதாஸ் பழக்கத்தில் தொண்டையைச் செருமினார்.

"இன்னைக்கு நீரு ஜெபிக்காண்டாம்" என்றாள் சத்தியபாய். "ஒம்ம ஜெபம் காலையிலேயே நெறஞ்சாச்சு. நான் சொல்லுகேன்."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஜிஷா மூடவில்லை. மடியில் எச்சில் வழியச் சிரித்துக்கொண்டிருந்த அக்சாவையே பார்த்தாள். தற்செயலாகத் தலை நிமிர்ந்தபோது, எதிரே ஜெரிஷும் கண்ணை மூடாமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தான்.