இடது பக்கத்தில் ஒட்டாத இடம்

முப்பத்தோரு வருடம் தொழிற்சாலையில் குவாலிட்டி கன்ட்ரோலில் இருந்தவன் நான். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் ரிப்போர்ட் எங்கே என்று கேட்பேன். அப்பேர்ப்பட்ட நான், காக்ஸ் டவுனில் என் வீட்டு போர்ட்டிகோவில், பட்டப்பகலில், ஒரு பழைய வேகன்-ஆர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, செத்துப்போன பெண்டாட்டியோடு சண்டை போட்டேன். கேட்டோரம் படுத்திருந்த தெருநாய்கூட எழுந்து போய்விட்டது.

என் பெயர் ஓஸ்வால்ட். என் மனைவி மௌரீன் போன மார்ச்சில் மாரடைப்பில் போனாள். எட்டு மாதம் ஆகிறது. ஒரே மகள் லவினா ஆனேக்கலில் கணக்கு டீச்சர். கல்லறைத் திருநாளன்று அம்மாவின் கல்லறையில் பூ வைத்துவிட்டு எழுந்தவள், பஸ்ஸில் போய்வர முடியவில்லை, மம்மி வண்டியை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறேன் என்றாள். சரி என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

காரணம், வண்டியின் இடது பக்கம்.

மௌரீன் ஐம்பத்திரண்டு வயதில் வண்டி ஓட்டக் கற்றாள். ரோட்டில் நன்றாகவே ஓட்டுவாள். எங்கள் கேட்டுக்குள் திரும்பும்போது மட்டும் இடது கதவுக்குக் கீழே இருக்கிற தகடு தூணில் உரசும். கர்ர்ர் என்று ஒரு சத்தம். நான் பேப்பரை வீசிவிட்டு வெளியே ஓடி வருவேன். எனக்குக் கோபம் வந்தால் தெருமுனை பேக்கரிவரை கேட்கும். அவள் நிதானமாக இறங்கி, கீறலை விரலால் தடவிப் பார்த்து, "சின்னதுதான்" என்பாள்.

கடைசியாக விழுந்தது சின்னது இல்லை. முன் கதவுக்குக் கீழே ஆரம்பித்துப் பின் சக்கரம்வரை போயிருந்தது. அன்றைக்கு அவள் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினேன். இனிமேல் இந்த வண்டியைத் தொட்டால் பார் என்றேன். மறுநாள் நண்பர் கோதண்டராமன் வீட்டு நிச்சயதார்த்தம், ஓசூரில். அவர் காரிலேயே போனேன். நான் இல்லாத நேரத்தில் அவள் வண்டியை எடுத்துவிடக் கூடாதென்று சாவியைப் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனேன். இன்னொரு சாவி தொலைந்து ஏழு வருடம்.

பதினோரு மணிக்கு அவளுக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸுக்கும் சொன்னார்கள், டாக்சிக்கும் சொன்னார்கள். முதலில் வந்தது டாக்சி, அதற்கே நாற்பது நிமிடம். வண்டி அங்கேயே போர்ட்டிகோவில் நின்றுகொண்டிருந்தது. நான் ஓசூரில் இரண்டாம் தடவை கேசரி வாங்கித் தின்றுகொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் லவினா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பேட்டரி போயிருந்துச்சாமே டாடி," என்றாள். யாரோ அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். நான் தலையை ஆட்டினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன். அன்று ஆட்டிய தலையை எட்டு மாதமாக மகள் முகத்துக்கு நேரே நிமிர்த்த முடியவில்லை.

வண்டி இடது பக்கம் சுவரை ஒட்டி நிற்கும். நடுவில் ஒல்லியான ஆள் நுழையலாம், அவ்வளவுதான். அதனால் அந்தக் கீறல் லவினா கண்ணில் படவே இல்லை. இனி படும். எப்போது விழுந்தது என்று கேட்பாள். கணக்கு டீச்சர், ஒன்றுக்குப் பதில் சொன்னால் அடுத்ததைக் கேட்பாள். மூன்றாவது கேள்வியில் சாவிக்கு வந்துவிடுவாள். அப்புறம் எனக்கு மகள் இல்லை.

டிங்கரிங் கடைக்காரருக்கு மௌரீனைத் தெரியும். அங்கே கொண்டுபோக மனம் வரவில்லை. யூடியூபில் தேடினேன். பிக்கப் வண்டிகளில் சுமை ஏற்றும் தளத்துக்கு அடிக்கிற பெட்லைனர் என்று ஒரு கோட்டிங் இருக்கிறது. கறுப்பு. காய்ந்தால் தார் ரோடு போலச் சொரசொரப்பாக இருக்கும். கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் அடித்தால் கல் தெறித்தாலும் ஒன்றும் ஆகாது, துருப் பிடிக்காது, பழைய கீறல் எதுவும் தெரியாது. ஜே.சி. ரோட்டில் வாங்கினேன். மகளுக்காக வண்டியைப் பாதுகாக்கிறேன் என்று நானே என்னை நம்ப வைத்தும்விட்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். சோப்புத் தண்ணீரில் கழுவி, பளபளப்பு போகும்வரை எமரி பேப்பர் தேய்த்து, தின்னரில் துடைத்து, மேலே மாஸ்கிங் டேப் ஒட்டினேன். அந்த நீளக் கீறலைத் தேய்க்கும்போது அதே கர்ர்ர் சத்தம் வந்தது. பேப்பரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டைப் பார்த்தேன். யாரும் இல்லை. எமரி பேப்பர் தகரத்தில் அப்படித்தான் சத்தம் போடும், கிழவா, என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வியாழன் காலை ஏழு மணிக்குக் கோட்டிங்கை இறுக வைக்கிற ஹார்டனர் கலந்து ரோலரால் உருட்டினேன். பிரமாதமாக வந்தது. வெள்ளிக்கிழமை நகத்தால் சுரண்டிச் சோதித்தேன். வலது பக்கம் இரும்பு. இடது பக்கமும் இரும்பு. பின் சக்கரத்துக்கு முன்னால் ஓரிடத்தில் மட்டும் உள்ளங்கை அளவு தோலாக உரிந்து கையோடு வந்தது. அடியில் அவள் கீறல்.

கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். எண்ணெய்ப் பசை இருந்தால் நிற்காது சாப், வேறு காரணமே கிடையாது என்றார். கதவுத் தகட்டில் எண்ணெய்க்கு என்னய்யா வேலை என்று போனை வைத்தேன். அன்று சாயங்காலம் மறுபடி தேய்த்து, மறுபடி தின்னர் போட்டுத் துடைத்தேன். அதில் சோறு போட்டுக் குழந்தைக்கு ஊட்டலாம், அவ்வளவு சுத்தம்.

சனிக்கிழமை காலை அந்த இடத்தில் ரோலரை வைத்து எடுத்தேன். ஈரக் கோட்டிங் மெல்ல விலக ஆரம்பித்தது. என் கண் முன்னால். கட்டைவிரல் அகலத்துக்கு மேலிருந்து கீழே ஒரு கோடு திறந்தது. அப்புறம் குறுக்கே ஒன்று. சிலுவை. குனிந்த மூக்குக்கு, தின்னர் நெடியையும் தாண்டி, ஒரு வாசம் வந்தது. மௌரீன் படுக்கப் போகும்போது நெற்றியில் தொட்டுக்கொள்கிற வேளாங்கண்ணி மாதா எண்ணெய். இருபத்தெட்டு வருடம் பக்கத்துத் தலையணையிலிருந்து வந்த வாசம்.

எண்ணெய் என்று கடைக்காரர் சொன்னது அப்போது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள்தான் வந்திருக்கிறாள் என்று தோன்றியது, வேறு எதுவும் தோன்றவில்லை. நான் கத்தினேன். என்னடி வேணும் உனக்கு, அவளுக்குத் தெரியணுமா, அவளும் என்னை விட்டுப் போகணுமா, அதுதானே உன் ஆசை என்று கத்தினேன். அந்தச் சண்டையைத்தான் முதலில் சொன்னேன். கத்தி முடித்ததும் அழுகை வந்தது.

சாயங்காலம் மூன்றாவது தடவையாகச் சுரண்டி, தேய்த்து, துடைத்து வைத்தேன். விடிந்ததும் ஒரு கோட், பத்து மணிக்குள் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். தூக்கம் வரவில்லை. ஐந்தரை மணிக்குக் கதவைத் திறந்தேன்.

வண்டியின் இடது பக்கம் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மௌரீனின் மெரூன் ஸ்வெட்டர். மௌரீனின் முதுகு. தலையில் கோவிலுக்குப் போகிற முக்காடு. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "மௌரீன்," என்றேன்.

திரும்பியது அல்போன்சா அக்கா. மௌரீனின் அக்கா; புருஷன் போனபிறகு எங்கள் வீட்டுப் பின் போர்ஷனில் இருப்பவர். எட்டு மாதமாக எனக்கு மூன்று வேளையும் சாப்பாடு அனுப்புகிறவர். அந்த ஸ்வெட்டரை ஏப்ரலில் நான்தான் அவரிடம் கொடுத்தேன். கையில் சின்ன எண்ணெய்ப் பாட்டில், கட்டைவிரல் நுனி ஈரம்.

மூன்று நாளாக எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை, நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பாய்ந்தேன். அவர் பதறவில்லை. தினம் செய்வதுதான் என்றார். ஆறு மணிப் பூசைக்குப் போவதற்கு முன்னால், கடைசியாக எந்தக் கீறல் விழுந்ததோ அந்த இடத்தில் மௌரீன் எண்ணெயால் சிலுவை போடுவாளாம். வருடக்கணக்காக. வண்டிக்கு நான் காயம் பண்ணிவிட்டேன், என் வீட்டுக்காரர் இதில்தானே போகிறார், மாதா பார்த்துக்கொள்ளட்டும் என்பாளாம். அவள் போனபின் அல்போன்சா அக்கா செய்கிறார். நான் சாயங்காலம் துடைத்து வைப்பேன், விடியற்காலையில் அவர் எண்ணெய் வைப்பார், ஏழு மணிக்கு நான் அதன்மேல் கோட்டிங் உருட்டுவேன். முப்பத்தோரு வருட குவாலிட்டி கன்ட்ரோல். உருட்டுவதற்கு முன்னால் ஒருமுறை துடைக்கத் தோன்றவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பேய் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. நான் கத்திய கத்தலுக்கெல்லாம் அவள் நாள் தவறாமல் கொடுத்த பதில் இந்த எண்ணெயா? படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

கேட்காமல் இருக்க முடியவில்லை. பேட்டரி போய்விட்டது என்று லவினாவிடம் யார் சொன்னது, தெரியாமல் நீங்கள்தான் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன்.

அல்போன்சா அக்கா பாட்டிலை மூடினார். "எனக்குத் தெரியாதா ஓஸ்வால்ட்? சாவி உங்க பாக்கெட்டுல இருக்குன்னு அவதான் காலையிலயே என்கிட்ட சொல்லிச் சிரிச்சாளே," என்றார்.

அப்புறம் அவர் சொன்னது எனக்குத் தெரியாத கதை. மாடி வீட்டுக்காரர் நான் ஓட்டுகிறேன், சாவியைக் கொடுங்கள் என்று இறங்கி ஓடி வந்தாராம். மௌரீன் இதே படியில், நான் உட்கார்ந்திருந்த இதே படியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். பேட்டரி போச்சு சார், ஸ்டார்ட் ஆகாது என்றாளாம்.

"டாக்சில என் கையப் பிடிச்சுக்கிட்டா. லவினாகிட்டயும் அதையே சொல்லிடுக்கா, இல்லைன்னா அவ அப்பாவ மன்னிக்கவே மாட்டா, அவரு தனியாப் போயிடுவாருன்னா. மூச்சு வாங்குது, அதுல இதையும் சொல்றா."

நான் எட்டு மாதமாக என்னுடையது என்று சுமந்த பொய் என்னுடையதே இல்லை. சாகிற நேரத்தில் எனக்காக அவள் சொன்ன பொய். நான் அதற்குத் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அல்போன்சா அக்கா பூசைக்குக்கூடப் போகாமல் பக்கத்திலேயே நின்றார்.

ஏழு மணி ஆயிற்று. டப்பாவில் ஒரு கோட்டுக்கு மிச்சம் இருந்தது. துணியும் தின்னரும் பக்கத்திலேயே இருந்தன. இரண்டு நிமிட வேலை. நான் மூடியை இறுக்கித் தட்டி ஷெட்டில் வைத்தேன்.

லவினா பத்தரைக்கு வந்தாள். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். சூப்பரா இருக்கு, நீங்களே பண்ணினதா என்று முதுகில் தட்டினாள். இடது பக்கம் வந்ததும் நின்றாள். கறுப்பு நடுவில் உள்ளங்கை அளவு வெறும் தகடு, அதில் நீளக் கீறலின் ஒரு துண்டு, அதன்மேல் வெயிலில் மின்னுகிற எண்ணெய்ச் சிலுவை. அவள் குனிந்து கீறலை விரலால் தடவினாள். அவள் அம்மா தடவுகிற அதே மாதிரி.

"இங்க மட்டும் ஏன் டாடி விட்டுட்டீங்க?"

பின் வாசலில் காபி டம்ளரோடு நின்ற அல்போன்சா அக்கா, வேண்டாம் என்று எனக்குத் தலையசைத்தார். சாவியை எடுத்து லவினாவின் உள்ளங்கையில் வைத்தேன். அவள் கையை நான் விடவில்லை.

"பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு லவினா," என்றேன். "சாவி என்கிட்ட இருந்துச்சு."