பதினோரு ஃபிரேம்

கொழுந்தனுக்கு அவள் வைத்த பெயர் புள்ளிவிவரம். வாயைத் திறந்தால் எண்ணாகக் கொட்டும். அதில் ஒன்றுகூட ஒருத்தருக்கும் உதவியதில்லை.

அவளுக்கு வேலை, கட்டப்போகும் வீட்டுக்குள் நடந்துபோவதுபோலத் திரையில் காட்டுவது. போன வாரம் பாதி மாடிப்படியில் படம் உறைந்து நின்றது. "கட்டுற வீடும் இப்படித்தான் பாதியில நிக்குமா?" என்று கேட்டுவிட்டு, வீடு கட்டப்போகிறவர்கள் எழுந்து போனார்கள். நாளைக் காலை இன்னொரு தடவை பார்க்க வருகிறார்கள். இப்போதும் சொதப்பினால் அந்த வேலை கைவிட்டுப் போய்விடும்.

கம்ப்யூட்டர் கடைக்காரர், படத்தை வேகமாக ஓட்டும் கிராஃபிக்ஸ் கார்டில் இரண்டு போட்டிக் கம்பெனிகளுடையதையும் கொடுத்து, இன்று ஆறு மணிக்குள் ஒன்றைத் திருப்பித் தரச் சொல்லியிருந்தார்.

"எந்த கேம்ல எது வேகம்னு நெட்ல இருந்து பட்டியலே எடுத்துட்டேன் அண்ணி."

"நான் என்ன அந்த வீட்டுக்குள்ள துப்பாக்கியோட ஓடவா போறேன்? என் படத்தைப் போட்டுப் பாரு."

போட்டான். நொடிக்குப் பதினோரு ஃபிரேம். கார்டைக் கழற்றி மற்றதை மாட்டினான். அதுவும் பதினொன்று. படம் நொண்டி நொண்டிப் படியேறியது.

"ரெண்டும் சமம். கம்மி விலையை வச்சுக்கலாம்" என்று தீர்ப்பு எழுதினான்.

"மூணு நாளா அலட்டினது இதைச் சொல்லத்தானா?"

அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டு அட்டைப்பெட்டி எடுக்க உள்ளே போனான். அவள் கார்டைத் தொட்டுப் பார்த்தாள். இவ்வளவு நேரம் உழைத்த கார்டு சுட வேண்டாமா? சில்லென்று இருந்தது. மானிட்டர் வயரைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போனாள். அது கார்டில் இல்லை, கம்ப்யூட்டரின் மதர்போர்டிலேயே செருகியிருந்தது. இரண்டு கார்டும் சும்மா உட்கார்ந்திருந்தன.

இந்த லட்சணத்தில் இவன் ஒரு நிபுணன்! அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வாயைத் திறந்தாள். அப்போதுதான் நினைவு வந்தது. மூன்று நாளைக்கு முன்னால் தூசு தட்டிவிட்டு அந்த வயரைச் செருகியது அவள்தான்.

சத்தமில்லாமல் வயரை மாற்றிச் செருகினாள்.

"இன்னொரு தடவை போட்டுப் பாரேன்" என்றாள், அவன் பெட்டியோடு வந்ததும்.

எழுபத்திரண்டு. படம் வழுக்கிக்கொண்டு மாடி ஏறியது. முந்தைய கார்டை மாட்டி, வயரையும் அவளே செருகினாள். நாற்பது.

"பாத்தீங்களா? காலையில நான் ஒரு செட்டிங் மாத்தினேன். அது இப்பதான் வேலை செய்யுது" என்றான் புள்ளிவிவரம்.

மணி ஐந்தே முக்கால். தோற்ற கார்டை அட்டைப்பெட்டியில் வைத்து அவன் கையில் கொடுத்தாள்.

"ஆமாப்பா" என்றாள். "உன்னை மாதிரி யாருக்கு வரும்."