பொன்னன் இல்லாத பக்கம்

வருகிற வெள்ளிக்கிழமை என்னைச் சாகடிக்கப் போவதாக என் மனைவி சங்கீதா சொன்னபோது நான் தோசை தின்றுகொண்டிருந்தேன். அடுப்பங்கரையில் இருந்த அம்மா கரண்டியோடு வெளியே வந்துவிட்டாள்.

“வெள்ளிக்கிழமைன்னு வேற சொல்றியே, என்னா பேச்சுமா இது?”

“அவர இல்ல அத்தே. என் கதையில வர்ற பொன்னனை.”

“எல்லாம் ஒண்ணுதான்மா,” என்றேன் நான். இன்னொரு தோசை கேட்கத் தோன்றவில்லை.

ஒன்றுதான். பொன்னன் என்பது நான்தான், உமாபதி. சங்கீதா அதை ஒத்துக்கொள்ள மாட்டாள். பகலில் அவள் பிள்ளையார்பாளையத்தில் ஒரு டிசைன் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, பட்டுச் சேலைக்கு மயிலும் மாங்காயும் கட்டம் கட்டமாகப் போட்டுக்கொடுக்கிறாள். அது வேலை. சாயந்திரம் வந்து முகம் கழுவிக்கொண்டு ஒரு டம்ளர் டீயோடு மேஜைக்குப் போய்விட்டால் அது அவளுடைய தனி ராஜ்ஜியம். அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் படங்களைப் பார்த்துப் பார்த்து ஊறிப்போன புத்தி. அதே மாதிரி பெரிய கண்களும் காற்றில் பறக்கிற முடியுமாக ஒரு படக்கதை வரைகிறாள். மாதம் ஒரு அத்தியாயம் நெட்டில் ஏற்றுவாள். முந்நூறு சொச்சம் பேர் படிக்கிறார்கள். காசும் கிடையாது, பேரும் கிடையாது. அதைப் பற்றி அவளுக்குக் கவலையும் கிடையாது.

கதை இதுதான். வறண்டுபோன ஒரு ஏரி. அதன் நடுவில் படகைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் வரும் என்று வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கிற படகோட்டி பொன்னன். ஏரியின் தண்ணீர் எங்கே போனது என்று தேடிக்கொண்டு கிளம்புகிற அல்லி என்ற பெண். ஏரியைப் பார்த்து வரைவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தென்னேரிக்கு இழுத்துக்கொண்டு போய், கரையில் மொட்டை வெயிலில் நிற்கவைத்தாள். அடுத்த அத்தியாயத்தில் பார்த்தால் பொன்னனுக்கு என் புருவம், தறியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு பக்கம் இறங்கிப்போன என் தோள், வாயில் எப்போதும் ஒரு போண்டா. “சும்மா தோணிச்சு” என்றாள். அவளுடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதி ஏஞ்சல், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என்னைப் பார்த்துச் சிரித்தாள். “அண்ணே, தின்றது அப்படியே நீங்கதான்.”

ஏஞ்சல்தான் இந்த அனிமே பைத்தியத்தை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மூன்று பேரும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவோம். எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. ஒரு கெட்டிலில் தண்ணீர் கொதிப்பதை ஒரு நிமிஷம் காட்டுகிறான். கதை நகராதா என்றால், இரண்டு பெண்களும் வாயில் ஈ போவது தெரியாமல் அந்தக் கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வில்லனை அடித்துக் கீழே தள்ளியாகிவிட்டது, நிம்மதி என்று நினைத்தால், அவன் சின்ன வயதில் பட்ட கஷ்டத்தைக் காட்டி நம்மை அழவைக்கிறான். பிடித்துப்போய்விட்டது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று மட்டும் கடைசி வரைக்கும் ஒப்பவில்லை. அங்கே ஒருத்தர் செத்தால் யாரும் மாரில் அடித்துக்கொள்வதில்லை. ஆள் இல்லாத ஊஞ்சல், அசைகிற திரைச்சீலை, காற்று, அவ்வளவுதான். நம் தெருவில் ஒரு சாவு என்றால் நாலு தெருவுக்குக் கேட்கும். நமக்கு அதுதான் மரியாதை.

“அவங்க காலியா விடறது சும்மா இல்லீங்க,” என்பாள் சங்கீதா. “நம்மள அங்க உக்கார வெக்கிறாங்க.”

“உக்கார வெச்சா சோறு போடணும்.”

“உங்க கிட்ட பேசறேன் பாருங்க.”

அந்த வெள்ளிக்கிழமை போட வேண்டியது கடைசி அத்தியாயம். அல்லி தண்ணீரைக் கண்டுபிடித்துவிட்டாள். ராத்திரியோடு ராத்திரியாக ஏரி நிரம்புகிறது. பொன்னன் ஊர் ஜனத்தைப் படகில் ஏற்றிக் கரை சேர்க்கிறான். கடைசி நடையில் அவன் திரும்பவில்லை. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஒரு மரக்கிளையைப் பிடித்துக்கொள்ளட்டும் என்றேன். பக்கத்து ஊரில் கரை ஒதுங்கட்டும், ஞாபகம் போகட்டும், ஒரு கால் போனாலும் பரவாயில்லை என்றேன். எதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“அவன் செத்தாதான் கதை மனசுல நிக்கும்,” என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. விளையாட்டுதான், கோடுதான், மைதான். இருந்தாலும் என் புருவத்தை வைத்துக்கொண்டு ஒருத்தன் தண்ணீரில் போவதைப் பார்க்க யாருக்குத்தான் மனசு வரும். அவளோடு ஒரு நாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. அதை அவள் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. கோடு அவளுடையது, கறுப்பு என்னுடையது. முடி, இருட்டு வானம், நிழல் என்று எங்கெல்லாம் கறுப்பு அடிக்க வேண்டுமோ அங்கெல்லாம் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பாள். நான் தறியை விட்டு எழுந்து கை கழுவிக்கொண்டு தூரிகையை எடுப்பேன். சண்டை என்றாலும் அந்த வேலை நிற்காது.

வியாழக்கிழமை அவள் வர நேரமாகும் என்று போன் வந்தது. கல்யாண சீசன், கடையில் ஆர்டர் குவிந்து கிடக்கிறது. நான் பக்கங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெள்ளத்துக்குக் கறுப்பு அடித்தேன். பொன்னனின் முடிக்கு அடித்தேன். படகு கவிழ்கிற பக்கத்துக்கும் அடித்தேன். அதை நகர்த்தி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தால், வெறும் பக்கம். சுற்றிலும் சட்டம் மாதிரி கோடு கிழித்திருந்தாள், உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு பெருக்கல் குறிகூட இல்லை.

பாவம், நேரம் போதவில்லை என்று நினைத்தேன். நாளைக்கு ஏற்ற வேண்டும், இவள் எப்போது வந்து எப்போது வரைவாள்? என் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. எனக்கு முகம் வரைய வராது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். முந்தி, பார்டர், நடுவில் உடல். உடலை மொட்டையாக விட்டால் கல்யாணச் சேலை ஆகாது; அதில் சின்னச் சின்னதாகப் பூ தெளிக்க வேண்டும். அதைப் புட்டா என்போம். அளவுகோல் வைத்துப் புள்ளி குத்திக்கொண்டேன். ஒரு வரிசைக்கு அடுத்த வரிசை இடைவெளியில் விழுகிற மாதிரி, பக்கம் முழுக்க மாங்காய் புட்டா போட்டேன். செத்தவனுக்குப் பூ போட்ட மாதிரியும் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டேன். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு மாங்காய்கூடக் கோணவில்லை.

சங்கீதா வந்து பையைக்கூடக் கீழே வைக்காமல் அந்தப் பக்கத்தைப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் பார்த்தால் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“என்னாமா, கெடுத்துட்டனா?”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“போன ஐப்பசில உங்களுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில படுத்துக்கினு இருந்தீங்க இல்ல. ஒரு நாள் டாக்டர் என்னைத் தனியா கூப்ட்டு, இன்னிக்கி ராத்திரி தாண்டட்டும், அப்பறம் பாக்கலாம்னு சொன்னாரு. உங்ககிட்ட நான் சொல்லவே இல்ல. அத்தைய உங்ககூட விட்டுட்டு மாத்துத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். தறி சும்மா கெடந்துது. லைட்டு போட்டேன். எல்லாம் வெச்சது வெச்ச எடத்துல இருக்குது, ஆனா எனக்கு ஒண்ணுமே தெரியல. வெள்ளையா இருந்துது.” முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். “அதான் அந்தப் பக்கம். நீங்க இல்லாத வீடு. அதுல போயி நீங்களே மாங்கா போட்டு வெச்சிருக்கீங்க.”

அந்த ராத்திரியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு நினைவிருப்பதெல்லாம், மறுநாள் காலையில் இவள் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, சிரித்த முகமாக இட்லியோடு வந்து நின்றதுதான். ஆஸ்பத்திரிக்கு என்ன அலங்காரம் என்று கேலிகூடச் செய்தேன். இவளை நான் என்ன செய்வது?

“இதையே போட்டுடலாமா?” என்று அவளே கேட்டாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “நல்லாதான் இருக்குது. பொன்னன் எங்கியோ இருக்கறான்னு நெனச்சிக்குவாங்க.”

இத்தனை நாளாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பிழைத்திருப்பேன்.

“வேணாம்மா. நீ வெச்சதுதான் சரி,” என்றேன். அலமாரியிலிருந்து அவளுடைய கெட்டிக் காகிதம் ஒன்றை எடுத்து, அதே அளவில் நானே சட்டக் கோடு கிழித்துக் கொடுத்தேன். உள்ளே கை வைக்கவில்லை.

மறுநாள் சாயந்திரம் விளக்கு வைத்த பிறகு அத்தியாயத்தை ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் எழுதினார்: “கடைசி பேஜ் லோட் ஆகல. செக் பண்ணுங்க.” கீழேயே இன்னொருவர்: “எனக்கும் பிளாங்க்கா வருது.”

சங்கீதா நகத்தைக் கடித்தாள். “என்னான்னுங்க பதில் சொல்றது? விளக்கம் சொன்னா கெட்டுப்பூடும்.”

என் போனை எடுத்தேன். அவள் கதையைப் படிப்பதற்காகவே கணக்குத் திறந்து வைத்திருந்தேனே தவிர, அதுவரை ஒரு வரிகூட எழுதியதில்லை. ஒரு விரலால் தட்டினேன்.

“லோட் ஆயிடுச்சிங்க. அப்படியே கொஞ்ச நேரம் பாருங்க.”

அனுப்பிவிட்டு நானும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.