இரண்டாம் நம்பர் முடி

அத்தானின் போட்டோ ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் மூன்று தலைமுடிகள் இருந்தன. வழுக்கைக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, நரைத்தவர்களுக்கு ஒன்று. பெண்களுக்கான இரண்டாம் நம்பர் யார் தலையிலும் கச்சிதமாக உட்காரும். மச்சம், பரு, தழும்பு எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. உள்ளே வந்த முகம் வேறு, கவரில் போகும் முகம் வேறு. கேட்டால் "தொழில் சுத்தம்" என்பார்.

கவுன்டரில் உட்கார்ந்து பாஸ்போர்ட் படங்களை வெட்டிக் கொடுப்பது அவருடைய கொழுந்தியாள் வேலை. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். மார்பில் கட்டி, ஆபரேஷன், ஆறு மாத மருந்து என்று புருவம் உட்பட எல்லாம் கொட்டிப்போயிருந்த சமயத்தில் குடும்பப் படம் எடுத்தார்கள். அத்தான் அவளைக் கேட்காமலே இரண்டாம் நம்பரைத் தலையில் வைத்து, கன்னத்தைக் கொஞ்சம் ஊதவிட்டு, புருவமும் வரைந்து பிரேம் போட்டுவிட்டார். அந்த முடி தன் பெண்டாட்டியின் பழைய படத்திலிருந்து வெட்டியது என்பது மனுஷனுக்கு மறந்தே போயிருந்தது.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"பெரியவ ஏன் ரெண்டு தடவை நிக்கறா? சின்னவ எங்க, வரலையா?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்னவள் குளியலறைக்குள் போய் அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அவள் அப்படி அழுததில்லை. உயிரோடு இருக்கும்போதே ஆளைக் காணோம் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

மறுநாள் அலமாரியில் ஓரங்கட்டிக் கிடந்த பழைய கேமராவை எடுத்து, சொல்லித் தரச்சொல்லி அத்தானிடம் கேட்டாள்.

"உனக்கெதுக்கு இந்த வேலையெல்லாம்? போய் உடம்பப் பாரு."

சரி, உடம்பையே பார்க்கலாம் என்று மதியம் அவர் சாப்பிடப் போன நேரத்தில் தன்னைத் தானே எடுக்க ஆரம்பித்தாள். முதல் வாரப் படமெல்லாம் வெளுத்துப்போயின. அடுத்த வாரம் எல்லாம் ஒரே இருட்டு. டைமர் வைத்து ஓடிவந்து உட்காருவதற்குள் மூச்சு வாங்கும், படத்தில் பாதித் தோள்தான் விழும். பிறகு நாற்காலியில் துடைப்பத்தை நிறுத்தி, அதற்குக் குறிவைத்துவிட்டு, அந்த இடத்தில் போய் உட்காரத் தானாகவே கற்றுக்கொண்டாள். யார் யாரோ புரட்டி, குத்தி, அளந்த உடம்பு அது. இப்போது எங்கிருந்து பார்ப்பது, எப்போது பார்ப்பது என்று அவள்தான் முடிவு செய்தாள். ஒழுங்காகப் பசிக்கக்கூட ஆரம்பித்தது.

நாற்பது நாள் கழித்து ஒரு படம் வந்தது. மொட்டைத் தலை, இல்லாத புருவம், 'என்ன பார்க்கிறாய்?' என்று கேட்கிற கண்கள். அதைப் பெரிதாகப் போட்டு, வாசல் கண்ணாடியில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த கல்யாண மாப்பிள்ளை படத்தைக் கழற்றிவிட்டு அங்கே மாட்டினாள்.

அத்தான் தாம்தூம் என்று குதித்தார். "இதப் பாத்தா ஒருத்தன் உள்ள வருவானா?"

"வர்றவன் வரட்டும்."

உடனே போன் போட்டு அக்காவை வரவழைத்தார்.

"நாலு பேர் என்னடி சொல்லுவாங்க?" என்றாள் அக்கா.

"அந்த நாலு பேரையும் அனுப்பு. வரிசையா உக்கார வச்சு எடுக்கறேன்."

"இந்தப் படம் போகணும், இல்லன்னா நீ போகணும்," என்றார் அத்தான். "இப்பவே சொல்லு."

கடையை விட்டுப் போனால் கேமராவும் போச்சு. இனி எதை வைத்துத் தன்னைப் பார்ப்பது? ஆனாலும் சின்னவள் படத்தைக் கழற்றி இடுக்கிக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள்.

"நில்லுடி," என்றாள் அக்கா.

அந்தப் படத்தை அவள் அப்போதுதான் நிதானமாகப் பார்த்தாள். பிறகு, வீட்டில்கூடக் கழற்றாத கழுத்துத் துணியை அவிழ்த்து மேஜைமேல் போட்டாள். தாடையிலிருந்து தோள்வரை வெண்புள்ளிகள். நேராகப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கல்யாணமாகி பதினஞ்சு வருஷம். இவர் எடுத்த ஒரு படத்துலயாவது நான் இருக்கேனா? நீ எடு. ஒரு புள்ளி குறையக் கூடாது."

அத்தான் என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டூலுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

சின்னவள் படத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டுக் கேமராவை எடுத்தாள்.

"நகருங்க அத்தான். அக்காவ மறைக்கிறீங்க."