எண்பது கிராம் ஈரம்

டிரைவர் செய்த முதல் தப்பு பாசத்தில் செய்தது. வாலு காலை நொண்டியது. பிறவியிலேயே வால் இல்லாத நாய்க்கு வாலு என்று பெயர் வைத்த மனிதருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கிளட்சை மிதித்து மிதித்துத் தேய்ந்த தன் முழங்காலுக்கு விழுங்கும் வலி மாத்திரையைப் பாலில் கரைத்து மூன்று நாள் கொடுத்தார். தனக்குக் கேட்கிற மாத்திரை அதற்கும் கேட்கும் என்று நினைத்தார். புத்தி புல் மேயப் போயிருந்தால் எதை வேண்டுமானாலும் நினைக்கலாம். நான்காம் நாள் வாந்தி. ஐந்தாம் நாள் இரண்டு சிறுநீரகமும் படுத்துவிட்டன.

அன்றிலிருந்து மனைவி அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளையில்லாத வீடு. "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லுடா" என்று நாயிடம் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுவாள். இப்போது அதுவும் நின்றுபோனது.

ஆஸ்பத்திரியில் வாலுவின் கழுத்தில் குழாய் செருகி, ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் செய்து திருப்பி ஏற்றினார்கள். மூன்று தடவை ஆயிற்று. ரத்தத்தில் கழிவு குறைந்திருக்கிறது என்றதும் டிரைவர் துள்ளிக் குதிக்காத குறை.

"அது மெஷின் குறைச்சது சார்," என்றார் டாக்டரம்மா. "ஒண்ணுக்குப் போனாதான் கிட்னி வேலை செய்யுதுன்னு அர்த்தம். நாளைக்குக் காலைலயும் வரலைன்னா நிறுத்திடலாம். பாவம், ரொம்பக் கஷ்டப்படுது."

வாலுவுக்கு அடியில் விரித்த துணியை நர்ஸ் தினமும் தராசில் வைப்பாள். காய்ந்த துணியின் எடையைக் கழித்தால் மிச்சம் மூத்திரம். ஆறு நாளாக மிச்சம் ஒன்றுமே இல்லை.

மறுநாள் காலை மனைவி முகம் கழுவப் போயிருந்தாள். நர்ஸ் அடுத்த கூண்டில் குனிந்திருந்தாள். டிரைவர் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். அந்தச் சத்தத்துக்கு வாலு தலையைத் தூக்கிப் பார்த்தது. அவர் துணியில் ஊற்றினார். இன்னும் ஒரே ஒரு நாள் கிடைத்தால் போதும் என்றுதான் ஊற்றினார்.

"எண்பது கிராம்!" என்று நர்ஸ் கத்தியது வாசல் வரை கேட்டது.

மனைவி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏங்க, நம்ம வாலு ஒண்ணுக்குப் போயிடுச்சுங்க!" அந்த ஒரு "ஏங்க"வுக்காக மனிதர் ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றியிருப்பார்.

மூத்திரம் வருகிறது என்று நம்பி, டாக்டரம்மா அன்று உடம்பில் தேங்கும் தண்ணீரை மெஷினில் இழுப்பதைக் குறைத்தார். சலைனைக் கூட்டினார். வெளியேற வழியில்லாத தண்ணீர் நுரையீரலில் ஏறியது. நாலு மணிக்கு வாலு வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தது. எல்லாரும் ஓடினார்கள், ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். டிரைவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐந்தரைக்கு எல்லாம் அடங்கிவிட்டது.

டாக்டரம்மா நர்ஸிடம் திரும்பினார். "காலைல எடையைச் சரியாப் பாத்தியாம்மா? ஒண்ணுக்குப் போன நாய்க்கு எப்படி இவ்வளவு தண்ணி தேங்கும்?"

"சரியாத்தான் பாத்தேன் மேடம்." அந்தப் பெண்ணின் உதடு துடித்தது.

டிரைவருக்கு அப்போதுதான் உறைத்தது. வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பழி அந்தப் பெண்ணோடு போயிருக்கும், வீட்டில் பேச்சாவது மிஞ்சியிருக்கும். அவரால் முடியவில்லை.

"அது ஒண்ணுக்குப் போகலை," என்றார். "நான்தான் பாட்டில் தண்ணிய ஊத்தினேன்."

டாக்டரம்மா ஆக்சிஜனை மூடினார். பிறகு, "அதனால மட்டும்னு சொல்ல முடியாது சார்," என்று ஆரம்பித்து, முடிக்காமல் வெளியே போய்விட்டார்.

மனைவி நாயின் தலையை மடியில் வைத்திருந்தாள். அழுகையை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"டாக்டர் குடுக்கக் கூடாதுன்னு சொன்னாங்கன்னு, நாக்கு வறண்டு கேட்டப்பகூட நான் ஒரு சொட்டு குடுக்கலை," என்றாள். "ஊத்தினதுதான் ஊத்தினீங்க, அது வாயில ஊத்தியிருக்கக் கூடாதா?"