கம்பு பிடிக்கும் கை

கல்வீட்டுச் சீமாட்டி பீபி ஷெம்ஸா ஆளனுப்பியபோது ஜைத்தூனி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். லாமுத் தீவில் விழாவாம். ஸ்வாஹிலிப் பெண்களின் ஊர்வலத்தில் அவளும் நடக்க வேண்டுமாம்.

"போலாம்மா. இப்ப நாமளும் அவங்களும் ஒண்ணுதானே" என்றாள் மகள் மரியாமு.

ஜைத்தூனிக்கு அறுபது வயது. துருவலை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். பெருநாளுக்கென்று வைத்திருந்த புதுக் கங்காத் துணியை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

ஸ்வாஹிலி என்ற அந்தப் பெயர் அவள் அம்மா சம்பாதித்தது. அரபு மாலுமிகள் இந்தக் கரைகளை ஸவாஹில் என்றார்கள். கரையில் கிடந்தவர்கள் ஸ்வாஹிலி ஆனார்கள். அடிமைத்தனம் ஒழிந்த வருஷம், பெயர் பதிந்த சர்க்கார் குமாஸ்தா, "நீ என்ன ஜனம்?" என்று கேட்டானாம். எந்த ஊரிலிருந்து பிடித்து வந்தார்கள் என்றே தெரியாத அம்மா, "ஸ்வாஹிலி" என்றாளாம். வேறு எதுவும் அவளுக்குச் சொந்தமில்லை.

அடிமைகளை வைத்திருந்த கல்வீட்டுக்காரர்கள் அன்று சிரித்தார்கள். "நாங்க அரபுங்க. ஸ்வாஹிலின்னா வேலைக்காரக் கூட்டம்" என்று முகம் சுளித்தவர்களில் ஷெம்ஸாவின் மாமியாரும் ஒருத்தி. அந்த வீட்டுச் சீமாட்டிகள் தெருவில் இறங்கினால் அவர்களைச் சுற்றி மறைக்க ஒரு துணிக்கூடாரம் உண்டு. விடுதலைக்குப் பிறகும் அம்மா அதன் கம்பைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

இப்போது காற்று திசை மாறிவிட்டது. கென்யாவுக்குச் சுதந்திரம் வந்தபின் அரபு என்றால் அந்நியன் என்கிறார்கள். கல்வீடுகளெல்லாம் ஸ்வாஹிலி ஆகி, அதற்கொரு சங்கமும் வைத்துக்கொண்டன. அன்று துப்பியதை இன்று எடுத்துத் தின்ன யாருக்கும் வெட்கமில்லை.

ஷெம்ஸாவின் முற்றத்தில் பெரிய நீலத்துணியும் நான்கு கம்புகளும் கிடந்தன.

"உள்ள நான் எந்தப் பக்கம் நிக்கணும், பீபி?"

ஷெம்ஸாவின் தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உள்ளயா? உனக்கு முன்கம்பு, ஜைத்தூனி. உங்கம்மா பிடிச்ச அழகை இன்னிக்கும் ஊரே பேசுது. வெள்ளைக்காரங்க போட்டோ எடுப்பாங்க, சாயாம பிடி" என்றாள் ஷெம்ஸா.

மறுத்துப் பேச வாய் எழுவதற்குள் கை கம்பைப் பிடித்துவிட்டது. அந்தக் கையை அவள் வெறுத்தாள்.

கோட்டை மைதானத்தில் ஒலிபெருக்கிக்காரன், "இதோ வர்றாங்க, நம்ம ஸ்வாஹிலித் தாய்மாருங்க" என்றான். அவன் கை காட்டியது துணிக்கு உள்ளே.

ஜைத்தூனி நின்றாள். கம்பைத் தரையில் போட்டாள். துணி சரிந்து ஷெம்ஸாவின் தலையில் விழுந்தது.

"பேரைத்தான் எங்கம்மாகிட்டேருந்து எடுத்துக்கிட்டீங்களே, பீபி. கம்பையும் நீங்களே தூக்குங்க."

ஓரமாக வந்துகொண்டிருந்த மரியாமு கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மகள் தன் பக்கத்தில் வந்து நிற்பாள் என்று ஜைத்தூனி நினைத்தாள்.

"நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கறியேம்மா" என்று பல்லைக் கடித்தபடி மரியாமு குனிந்தாள். கம்பை எடுத்து உயர்த்தினாள்.

சாயாமல்தான் பிடித்தாள். ஊர்வலம் நகர்ந்தது.