சுலோஜனாவின் போனில் ஏறாத செயலி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் போனுக்குக் கண்ணாடி மாற்ற, போன் திருத்துகிற ஜவாஹிரின் கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்ணிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தேன். பிடுங்கினேன் என்று சொல்ல வெட்கமில்லை. கதை எழுதுகிறவர்கள் எல்லாரும் செய்கிற வேலைதான். மற்றவர்கள் அதற்குக் கொஞ்சம் மரியாதையான சொல் வைத்திருக்கிறார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும் அந்திப் பொழுதில், மௌனமே மொழியான ஒரு பெண்—”

வேண்டாம். அந்தியுமில்லை, கப்பலுமில்லை, பட்டப்பகலில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடை. மௌனமே மொழியாம். சுலோஜனாவை நீங்கள் பார்த்ததில்லை. காய வைத்த மீனைக் கோழி இழுத்துக்கொண்டு ஓடினால் அவள் போடுகிற சத்தம் உட்துறைமுக வீதி முழுக்கக் கேட்கும். அவளுக்கு மட்டும் கேட்காது.

இரண்டாவது தொடக்கம்:

“தொலைபேசி நிறுவனங்கள் தாம் விற்கும் கருவிகளில் வெளிச் செயலிகளை நிறுவ விடாமல் தடுப்பது நுகர்வோர் உரிமை சார்ந்த—”

இதை ஞாயிறு பத்திரிகையில் போடுவார்கள். ஒருவரும் வாசிக்கமாட்டீர்கள்.

ஆகவே நேரே சொல்கிறேன். வெள்ளிக்கிழமை சுலோஜனாவுக்குச் சம்பந்தம் முற்றாக்க வெருகலில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். உனக்கு விருப்பமா என்று அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்த ஒரே ஆள் அவளுடைய தங்கை நிவேதிகா. அவள் வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அந்த நாட்டில் வழமையான செயலிகளில் முகம் பார்த்துக் கதைக்க விடமாட்டார்கள். அவர்கள் ஒத்துக்கொண்ட ஒரே ஒரு செயலிதான். அந்தச் செயலி சுலோஜனாவின் போனில் ஏறமாட்டேன் என்கிறது.

2

கேட்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதை நீங்கள் நம்பியிருக்கமாட்டீர்கள். நானும் நம்பவில்லை.

சுலோஜனா பிறவியிலேயே காது கேளாதவள். பள்ளிக்கூடம் கொஞ்சக் காலம். பெயர் எழுதுவாள், பஸ் பலகை வாசிப்பாள், அதற்கு மேல் எழுத்து வராது. ஆனால் அவளும் நிவேதிகாவும் சின்ன வயதிலேயே கையால் ஒரு பாஷை கட்டிவிட்டார்கள். எந்தப் பள்ளியிலும் படிப்பிக்காத பாஷை. மூக்கைப் பொத்திக் கையை வீசினால் வெள்ளிக்கிழமை, வீட்டில் மீன் காய்ச்சாத நாள். வயிற்றைத் தடவிக் காட்டினால், இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த ஞானசேகரம் மாமா. (இதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. கதை அச்சில் வந்தால் பார்த்துக்கொள்ளட்டும்.)

தாய் அன்னலட்சுமி அக்காவுக்கு அந்தப் பாஷையில் சாப்பாடு, குளிப்பு, கதவு, கோழி, இவைதான் தெரியும். மிச்சத்துக்கு நிவேதிகா இருந்தாள், மொழிபெயர்த்தாள். அவள் போனபிறகு வீட்டில் யார் எது சொன்னாலும் சுலோஜனா தலையாட்டுகிறாள். தலையாட்டினால் ஆட்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மாமா மாப்பிள்ளையின் படத்தைக் காட்டியபோதும் ஆட்டினாள்.

“பிள்ளைக்குப் பூரண சம்மதம். நானே கண்ணால பாத்தனான்,” என்றார் அந்த மாமா, எனக்கு ஞானசேகரம் அண்ணை.

“உங்கட குடையைக் காட்டிக் கேட்டாலும் அவள் தலையாட்டுவாள்,” என்றேன்.

“நீர் கதை எழுதுறனீர். எல்லாத்தையும் கோணலாத்தான் பாப்பீர்.”

[மாப்பிள்ளை சசிகரனைக் குடிகாரனாக்க ஆசைப்பட்டேன். கதைக்கு வசதி. வெருகலில் தெரிந்தவர்களிடம் விசாரித்தேன்: சொந்த வயல், உழவு மெசின், கோயில் திருவிழாவில் தண்ணீர்ப்பந்தல் வேலை. கதைக்கு உதவாத அளவுக்கு நல்ல பிள்ளை. சுலோஜனாவுக்குப் பிடித்தும் இருக்கலாம். அதுதான் எனக்கும் தெரியாது, ஞானசேகரம் அண்ணைக்கும் தெரியாது.]

3

இனிப் போன். கொரியாவில் வேலை செய்த ஒரு சொந்தக்காரர் விட்டுப்போன பழைய போன் அது. அங்கே ஏதோ ஒரு கொம்பனி தன் வாடிக்கையாளருக்கென்று பூட்டி விற்றது. நம்முடைய சிம் போட்டால் எடுக்காது. வைஃபை மட்டும் எடுக்கும்.

“அந்தக் கொம்பனிக்காரன்ட ஒன்லைன் கடையில உள்ள அப் மட்டுந்தான் இதில ஏறும் சேர்,” என்றார் ஜவாஹிர். கிண்ணியாக்காரர், திறக்க ஏலாத போன் இந்த மாவட்டத்தில் இல்லை என்பது அவருடைய பேச்சு. “வெளியால இருந்து கொண்டு வந்தா உள்ளுக்கு எடுக்காது. பூட்டி வெச்சிரிக்கான்.”

“அப்ப அவன்ட கடையிலயே எடுக்கலாமே?”

“அந்தக் கடையை அவன் எப்பவோ மூடிட்டான்.”

வெளிச் செயலிகளை அனுமதிக்கிற பொத்தான் உள்ளே இருக்கத்தான் செய்தது. சாம்பல் நிறத்தில், தொட்டால் அசையாமல். சுலோஜனா தொட்டுப் பார்த்தாள். திரும்பவும் தொட்டாள். ஜவாஹிர் குரலை நன்றாக உயர்த்தி, “ஏலாது தங்கச்சி,” என்று அவளுக்கு விளங்கப்படுத்தினார். அவள் தலையாட்டினாள். ஆனால் போகவில்லை. கடைக் கதிரையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

இந்த இடத்தில் நீங்கள் இரண்டு கேள்வி கேட்பீர்கள். புதுப்போன் வாங்கினால் என்ன? வாங்கக்கூடிய வீடென்றால் நிவேதிகா ஏன் போனாள். சரி, உன்னுடைய போனைக் கொடுத்தால் என்ன? கொடுத்தேன். நீட்டியபடி நின்றேன். அவள் தள்ளிவிட்டாள்.*

* இதற்கு எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் விளங்கியது. எங்களுக்கு ரகசியம் கதைக்க வேண்டுமென்றால் குரலைத் தாழ்த்துவோம். அவள் கையைத் தாழ்த்த முடியாது. பக்கத்தில் நிற்கிறவன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பான். அவளுக்கு வேண்டியது சொந்தப் போனும் பூட்டுகிற அறையும்.

4

ஜவாஹிரில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. மனிதரில் இல்லை, பாத்திரத்தில். முதல் வரைவில் அவரை மந்திரவாதியாக எழுதினேன். கேபிளைச் செருகினார், பூட்டு உடைந்தது, பெண்—

அடித்துவிட்டேன். நடந்தது வேறு. அவசரப்பட்டு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கினார். பூட்டு அப்படியே இருந்தது. போன் முழுக்கக் கொரிய எழுத்துக்கு மாறிவிட்டது.

“அல்லாஹ், இது என்ன வெட்டுக்கிளி மாதிரி,” என்றார்.

நானும் எட்டிப் பார்த்தேன். இருவருக்கும் ஒரு மண்ணும் விளங்கவில்லை. சுலோஜனா போனை வாங்கினாள். அவளுக்குத் தமிழிலிருந்தாலென்ன கொரிய மொழியிலிருந்தாலென்ன, எது எந்த இடத்தில் இருக்கிறது என்றுதான் அவள் எப்போதும் பார்த்து வந்திருக்கிறாள். விரலால் கீழே தள்ளினாள், உள்ளே போனாள், மொழிப் பக்கத்தைத் திறந்து ஜவாஹிரிடம் நீட்டினாள். அவர் ஆங்கிலத்தைத் தெரிவு செய்தார்.

பிறகு யாரோ ஒருவர் இணையத்தில் போட்டிருந்த வீடியோவைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். அந்தப் பூட்டு முன்கதவுக்கு மட்டுந்தானாம். கணினியில் கேபிள் போட்டு அனுப்பினால் பின்பக்கத்துக் குசினிக் கதவால் உள்ளே போகலாமாம். போனது. போய், இந்தப் போனுக்கு இந்தச் செயலி பொருந்தாது என்று நின்றது. போன் அவ்வளவு பழையது. செயலியின் பழைய பதிப்பு ஒன்றைத் தேடிப் பிடித்தார். அது ஏறியது. உடனே உறுதிக் குறியீடு கேட்டது. சிம் இல்லாத போனுக்குக் குறியீடு எப்படி வரும்? அன்னலட்சுமி அக்காவின் பொத்தான் போனுக்கு அனுப்பச் சொல்லி, நான் அவருக்கு அழைத்து, அவர் கண்ணாடி தேடி எடுத்து ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார்.

செயலி திறந்தது. ஜவாஹிர் கதிரையில் சாய்ந்து, “நான் சொன்னனான்தானே,” என்றார். சொன்னதேயில்லை.

5

வியாழக்கிழமை பின்னேரம். என் வீட்டு வைஃபை அவர்களுடைய அறை வரைக்கும் எட்டும். சுலோஜனா போனோடு உள்ளே போய்க் கதவைப் பூட்டினாள். விறாந்தையில் அன்னலட்சுமி அக்கா, ஞானசேகரம் அண்ணை, அழைக்காமலே வந்து நின்ற நான்.

நான் எழுதி வைத்திருக்கும் முடிவுகள்:

(அ) சுலோஜனா மாட்டேன் என்கிறாள். நீங்கள் கைதட்டுகிறீர்கள்.

(ஆ) சுலோஜனா ஓம் என்கிறாள், படத்தைப் பார்த்தபோதே பிடித்துவிட்டது என்கிறாள். இதற்கா இவ்வளவு பாடு என்று நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள்.

இரண்டும் நன்றாகவே வந்திருக்கின்றன, எனக்கு எழுதத் தெரியும். ஆனால் இரண்டிலும் அவளுக்குப் பதிலாகத் தலையாட்டுகிறவன் நான்.

நடந்தது இது. கதவு திறந்தது. சுலோஜனா அழுதிருந்தாள், சிரித்துமிருந்தாள். போனைத் தாயிடம் கொடுத்தாள். திரையில் நிவேதிகா.

“என்னவாம்? ஓமாமோ, இல்லையாமோ?” என்று ஞானசேகரம் அண்ணை எட்டினார்.

“அம்மா,” என்றாள் நிவேதிகா. “அவள் எனக்குச் சொல்லிப்போட்டாள். நான் உங்களுக்குச் சொல்லமாட்டன்.”

“ஏனடி பிள்ளை?”

“இண்டைக்குச் சொன்னா நாளைக்கும் என்னட்டத்தான் கேப்பீங்கள். நான் இங்க கிடந்து எத்தினைக்கெண்டு சொல்லுறது? நீங்களே கேளுங்கோ. கேக்கிற விதத்தைக் காட்டுறன்.”

நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு அந்தக் கையை மெல்ல எடுத்து, விரித்து, எதிரில் இருப்பவரிடம் நீட்டினாள்.

“நீட்டின கையை அப்பிடியே வெச்சிருங்கோ. அதுதான் முக்கியம். கையை எடுத்தா, நீங்கள் பதிலுக்கு நிக்கேல்லை எண்டு அவளுக்கு அர்த்தம். நீங்கள் எல்லாரும் கேட்ட உடன எடுத்துப்போடுறனீங்கள், அவள் பாவம் என்ன செய்வாள்?”

அன்னலட்சுமி அக்கா போனை என்னிடம் தந்தார். நெஞ்சில் கை வைத்தார். மகளிடம் நீட்டினார்.

சுலோஜனா தலையாட்டினாள்.

கை அங்கேயே நின்றது. சுலோஜனா மறுபடியும் தலையாட்டினாள். தாய் எடுக்கவில்லை. அப்போதுதான் அவள் தாயின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். கதிரை ஒன்றை இழுத்துத் தாய்க்கு முன்னால் போட்டு உட்கார்ந்து, விளங்குகிறதா, விளங்குகிறதா என்று நிறுத்தி நிறுத்தி, இரண்டு கையாலும் சொல்லத் தொடங்கினாள்.

நான் போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, ஞானசேகரம் அண்ணையைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

“என்ன காணும் சொல்லுறாள்?”

“உங்களுக்குச் சொல்லேல்லை அண்ணை. எனக்கும் சொல்லேல்லை.”

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஒரே ஒழுங்கையில், பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு தெரியாமல் போகுமா. எழுதமாட்டேன். உங்களுக்கு அறியத்தான் வேண்டுமென்றால் வந்து அவளிடமே கேளுங்கள். கேட்கிற விதத்தைச் சொல்லித் தந்துவிட்டேன். கேட்டுவிட்டுக் கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.